தோற்ற ஆட்டத்தைப் புரட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

ஈரோட்டில் ஒரு செஸ் ரேட்டிங் (தரப்புள்ளி) போட்டியின் கடைசிச் சுற்றில் தோற்றுவிட்டு, பாசஞ்சர் ரயிலில் திருப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தோற்றது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம். பெருந்துறை ஸ்டேஷன் வருவதற்குள் ஆட்டம் முழுவதையும் போனில் ஏற்றி, நகர்வுகளை எடைபோடும் செஸ் இன்ஜின் என்ற மென்பொருளை ஓடவிட்டு, தீர்ப்பும் வாங்கிவிட்டேன்: 31ஆவது நகர்வில் குதிரையைப் பறிகொடுத்ததுதான் தவறு, அதுவரை ஆட்டம் ஏறக்குறைய சமம். ‘ஒரே ஒரு பிளண்டர் (பெரிய தப்பு), மத்தபடி நல்லாத்தான் ஆடினேன்’ என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, விஜயமங்கலம் தாண்டும்போது தூங்கியும் போனேன். அந்த அரை மணி நேரத்தில் நான் செய்தது எல்லாமே தப்பு. பலகையில் செய்ததைவிடப் பெரிய தப்பு.

முதலில் இன்ஜின். ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின் எந்த நகர்வு நல்லது என்று சொல்லும். நீங்கள் ஏன் வேறொன்றை ஆடினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், அந்த ஞாபகமும் இரண்டு நாளில் கலைந்துவிடும். இன்னொரு சிக்கல், யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் எண்ணைப் பார்த்த மறு நிமிடமே மனசு கதையை மாற்றிக்கொள்கிறது. ‘நானும் அதைத்தான் நினைச்சேன், கடைசி நேரத்துல மாத்திட்டேன்’ என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். அதனால் அன்று இரவே ஸ்கோர்ஷீட்டையும் (ஆடும்போது நகர்வுகளை எழுதிய தாள்) ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். திருப்பமான நகர்வுகளுக்குப் பக்கத்தில் அப்போது எதைப் பார்த்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், வேறு எதை ஆட நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். இன்ஜின் மறுநாள் வரட்டும், ஓடிவிடாது.

எழுதும்போது ‘பிளண்டர்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கக் கூடாது. எதிராளியின் நகர்வைப் பார்க்கவே இல்லை என்பது ஒரு வகை. பார்த்தும் கணக்கு பிசகியது இன்னொன்று. கணக்கு சரியாகவே இருந்தது, ஆனால் கடைசியில் வரும் நிலை யாருக்கு நல்லது என்று எடைபோட்டதில் தப்பு என்றால் அது வேறு. அந்த மாதிரி முடிவாட்டத்தை, அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தை, எப்படி ஆடுவது என்று தெரியவே தெரியாது என்பது முற்றிலும் வேறு. பார்க்காமல் விட்டவருக்குப் புதிர்ப் பயிற்சி உதவும். முடிவாட்டம் தெரியாதவர் ஆயிரம் புதிர் போட்டாலும் யானையும் சிப்பாயும் மிஞ்சிய பலகையில் முழிக்கத்தான் செய்வார்.

அடுத்தது கடைசித் தவறோடு தேடலை நிறுத்திக்கொள்வது. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் தொழிலே இதுதான். பனியன் துணியை செக்கிங் மேஜையில் விரிக்கிறோம். ஒரே இடத்தில் ஓட்டை என்றால் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் நீளவாக்கில் ஒரே கோடாகப் பழுது ஓடினால் யாரும் அந்தத் துணியோடு மல்லுக்கட்டுவதில்லை. நிட்டிங் மிஷினில் ஏதோ ஒரு ஊசி கெட்டிருக்கிறது என்று ஆளை அனுப்புவோம். பத்து வருடமாக இதைச் செய்கிறவன், என் சொந்த ஆட்டத்தில் மட்டும் ஓட்டையைப் பார்த்துவிட்டு ஊசியைத் தேடாமல் தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஸ்கோர்ஷீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். நல்ல வேளையாக நகர்வுகளுக்குப் பக்கத்தில் கிளாக் நேரத்தையும் குறித்திருந்தேன். (ஸ்கோர்ஷீட்டில் சொந்தக் குறிப்பு எழுத, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இடம் தராது, ஆனால் கிளாக் நேரம் எழுதலாம். பலருக்கு இது தெரியாது.) ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 நொடி கூடுதல். அதில் 14ஆவது நகர்வுக்கு மட்டும் 28 நிமிடம் செலவழித்திருக்கிறேன். எதற்கு? இரண்டு யானைகளில் எதை நடு வரிசைக்குக் கொண்டுவருவது என்று! 31ஆவது நகர்வு வந்தபோது என் கையில் நான்கு நிமிடம். குதிரை போனது அப்போதுதான், ஆனால் போவதற்கான ஏற்பாடு 14லேயே முடிந்துவிட்டது. இன்ஜின் இதைக் காட்டாது. அதன் கணக்கில் எந்த யானையை வைத்தாலும் நிலை ஒன்றுதான்.

பெரிய ஆட்டங்களிலும் இப்படித்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்வில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார், குகேஷ் சாம்பியன் ஆனார். யானைகள் வெட்டுப்பட்டன. டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் முடங்கியிருந்ததால் மந்திரிகளையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சிய ராஜா–சிப்பாய் ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், கதை முடிந்தது. உலகமே அந்த ஒரு நகர்வைத்தான் பேசியது. ஆனால் வெள்ளைக் காய்களோடு ஆடியவர் ஏன் ஒரு சிப்பாய் குறைவாக, வெல்ல வழியே இல்லாமல், டிராவுக்காகக் காத்திருக்கும் நிலையில் இருந்தார் என்று கேட்டால் இன்னும் முன்னால் போக வேண்டும். காய்களை வெட்டி மாற்றி ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனது அவருடைய தேர்வு. அந்த முடிவாட்டம் டிராதான், சந்தேகமில்லை. எதிராளி எதையும் இழக்காமல் மணிக்கணக்கில் சோதித்துக்கொண்டே இருக்கக்கூடிய டிரா.

ஓப்பனிங்கின் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) மேல் பழி போடுகிறவர்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 40ஆவது நகர்வில் தோற்றுவிட்டு மறுநாள் சிசிலியன் என்ற ஓப்பனிங்கை விட்டு ஃபிரெஞ்சு என்ற ஓப்பனிங்குக்குத் தாவுவது, ஊசி கெட்டதற்கு நூல் கடையை மாற்றுவது போல.

எதிராளியோடு உட்கார்ந்து பேசாமல் ஓடுவது அப்படியல்ல, அதன் நஷ்டம் பெரிது. அந்தப் பெண் ஆட்டம் முடிந்ததும் “ஒருக்கா பாக்கலாங்களா அங்கிள்?” என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையில் ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. தோற்ற முகத்தை ஒரு குழந்தைக்கு முன்னால் வைத்துக்கொண்டு உட்கார மனசில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு மாதம் கழித்துக் கோபியில் ஒரு போட்டியில் அவளைப் பார்த்தபோது நானே போய்க் கேட்டேன். அவளுக்கு ஆட்டம் அப்படியே ஞாபகம் இருந்தது. “யானைய வெக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் யோசிச்சீங்கல்லங்க, அப்ப நடுச் சிப்பாயத் தள்ளிருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேனுங்க” என்றாள். அந்த 28 நிமிடத்தில் நான் ஒரு நொடிகூடப் பார்க்காத நகர்வு அது. பலகையில் வைத்துப் பார்த்தால் அவள் பயந்தது நியாயம்தான்.

குழந்தைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கப் போட்டிகளில், கல்லூரி ஹாலோ கல்யாண மண்டபமோ, வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். கதவு திறந்ததும் “கெலிச்சியா கண்ணு?” இல்லை என்று தலையாட்டினால் அடுத்தது, “அந்தப் புள்ளகிட்டயா தோத்த?” அடுத்த சுற்றுக்கு நாற்பது நிமிடம்தான் இருக்கும், அதற்குள் ஆட்டத்தை அலசச் சொல்வார்கள். வேண்டாம். முதலில் சோறு போடுங்கள், அலசலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ரேட்டிங் போய்விட்டதே என்கிறீர்களா? 18 வயதுக்குள், 2300 புள்ளிக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ரேட்டிங் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் பெருக்கு எண் 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், அதே மாதிரி ஒருவரை வென்றால் 20 திரும்ப வந்துவிடும்.

இவ்வளவும் தோற்ற ஆட்டத்துக்கு. வென்ற ஆட்டத்தை யாரும் திறப்பதே இல்லை. 2014இல் சோச்சியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் 26ஆவது நகர்வில் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்த் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் தலைகீழாகியிருக்கும். அவர் அதைப் பார்க்காமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். கடைசியில் வென்றது கார்ல்சன்.

அதை நினைத்து என் நோட்டில் வென்ற ஆட்டங்களுக்கும் பக்கம் ஒதுக்கினேன். முதலில் எழுதியது அதே ஈரோட்டுப் போட்டியின் இரண்டாம் சுற்று. 16ஆவது நகர்வுக்கு 22 நிமிடம் எடுத்திருக்கிறேன். எதிராளி அடுத்த சில நகர்வுகளிலேயே ராணியைச் சும்மா விட்டுவிட்டதால், அன்றைக்கு அதைக் கவனிக்கவே இல்லை.