கேன்னு சொன்னா கேன்ட்னு கேக்குதா? எனக்கு இது சரி ஆன விதம்

அமெரிக்கா கிளையண்ட் கால்ல நான் "ஐ கேன் டூ இட் டுடே"ன்னு சொல்வேன், அந்தப் பக்கம் "ஓகே, நாளைக்குப் பாத்துக்கலாம்"னு பதில் வரும். கிராமர் சரி, அப்புறம் என்னடான்னு தேடினா விஷயம் அழுத்தத்துல இருக்கு. நாம இங்கிலீஷையும் தமிழ் பேசுற மாதிரியே எல்லா அசையையும் முழுசா சொல்லிடறோம், அவங்க ஒண்ண நீட்டி அழுத்திட்டு பக்கத்துல இருக்கறத பாதி முழுங்கிடுவாங்க. சாதாரண பேச்சுல கேன் "கன்"னு சுருங்கி அழுத்தம் டூ மேல விழும், கேன்ட் மட்டும்தான் முழுசா வரும், அதோட கடைசி ட் பல நேரம் காதுலயே விழாது, ஸோ நான் தெளிவா சொல்லச் சொல்ல அவங்களுக்கு கேன்ட்னுதான் கேட்டிருக்கு (ஸ்கூல்ல நிறுத்தி தெளிவா சொல்லுன்னுதானே திட்டினாங்க!).

நான் பண்ணது, டிக்‌ஷனரில அழுத்துற அசைக்கு முன்னாடி மேல ஒரு சின்ன கோடு இருக்கும், புது வார்த்தைன்னா மொதல்ல அதப் பாக்கறது. டெவலப்ல அது "வெ"க்கு முன்னாடி, ஹோட்டல்ல "டெல்"லுக்கு முன்னாடி. ஃபோட்டோகிராஃப்ல முதல் அசை, ஆனா ஃபோட்டோகிராஃபர்னா ரெண்டாவதுக்குத் தாவிடும், "ஃபடாக்ரஃபர்" மாதிரி கேக்கும். ஷன், இக்னு முடியுற வார்த்தைல பெரும்பாலும் அதுக்கு முந்தின அசை, எஜுகேஷன்ல "கே", எகனாமிக்ல "நா". பாலிடிக்ஸ் மாதிரி சிலது அடங்காது, அத மனப்பாடம்தான்.

அழுத்துற இடத்துல டேபிள தட்டி, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேட்டேன். அழுத்தறது ஈஸி, முழுங்கறதுதான் கஷ்டம். கேன் இப்ப பிரச்சனையில்ல. வெஜிடபிள் மட்டும் இன்னும் நாலு அசையா வருது, அவங்க "வெஜ்டபிள்"னு மூணுல முடிச்சிடறாங்க.