பூங்காவை ஒட்டிய விளையாட்டரங்கை விரிவாக்குவது எப்படி? முதல்முறை வரைபவர்களுக்கு

ஆர்க்கிடெக்சர் படிப்பில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். மாநகராட்சிப் பூங்கா ஒன்று, அதன் ஓரத்தில் பழைய உள்விளையாட்டரங்கு, கூட்டம் தாங்கவில்லை, பெரிதாக்கித் தர வேண்டும். பலரும் அரங்கின் பிளானை முதலில் போட்டுவிட்டு, மிச்ச இடத்துக்குப் பச்சை அடித்துப் 'பூங்கா' என்று எழுதிவிடுகிறார்கள். நாம் பூங்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே வருகிறவர்களில் பலர் ஷட்டில் மட்டையைக் கையால்கூடத் தொட மாட்டார்கள். புதுக் கட்டடத்தால் அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒருவர் இடத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்த கணக்குதான். எடுத்துக்காட்டுக்குச் சென்னையை வைத்துக்கொள்வோம்.

படி 1: நிலம் யாருடையது, என்னவாகப் பதிவாகியிருக்கிறது?

பென்சிலை எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனையைப் பிரித்தபோது ஓ.எஸ்.ஆர். (பொதுத் திறந்தவெளிக்கான ஒதுக்கீடு) என்று தானமாக எழுதிக் கொடுத்த நிலமாக இருந்தால், அங்கே கட்டடத்தை நீட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். இருக்கிற அரங்கின் மனைக்குள்ளேயே எவ்வளவு முடியும் என்று பாருங்கள்.

படி 2: மரங்களை அளக்கவும்

சர்வே வரைபடத்தில் மரம் ஒரு புள்ளியாக இருக்கும். அதை நம்பி அடித்தளம் போட்டால் வேர் போய்விடும். டேப்பை எடுத்துக்கொண்டு போய், மார்பு உயரத்தில் தண்டின் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுங்கள். கிடைப்பது தண்டின் விட்டம். அதைப் போல் 12 மடங்கு ஆரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் தோண்டக் கூடாது. சுற்றளவு 1.9 மீட்டர் உள்ள தூங்குமூஞ்சி மரம் என்றால் விட்டம் சுமார் 60 செ.மீ., வட்டத்தின் ஆரம் 7.2 மீட்டர். வட்டங்களைப் போட்டு முடித்ததும் நீங்கள் நினைத்திருந்த இடம் பாதியாகச் சுருங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த ஊர் இது. ஒரு பக்கம் வேரை வெட்டிய மரத்தின் கீழ் உட்கார பெஞ்சு போடுவது நியாயமில்லை.

அப்புறம் ஒரு டிரேசிங் ஷீட்டில் நேரத்தை வரையுங்கள். காலை ஐந்து மணிக்கு யார் எந்த கேட் வழியாக வருகிறார்கள், மதியம் நிழலில் யார் படுத்திருக்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று குறியுங்கள். வாக்கிங் போகிறவர்களின் சுற்றுப்பாதையை உங்கள் கட்டடம் வெட்டினால் பிளானை மாற்றியே ஆக வேண்டும்.

படி 3: ஒரே ஹாலில் எத்தனை ஆட்டம்?

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுவோம். ஷட்டில் கோர்ட் ஒன்று 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். நான்கு கோர்ட்டைப் பக்கம் பக்கமாக வைத்து, இடையிலும் ஓரங்களிலும் 2 மீட்டர் விட்டால் அகலங்கள் 24.4, இடைவெளிகள் ஐந்துக்கும் சேர்த்து 10, ஆக 34.4 மீட்டர். குறுக்கே 13.4 + 4, அதாவது 17.4 மீட்டர்.

கூடைப்பந்துக்கு 28 × 15. சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் 32 × 19. கைப்பந்துக்கு 18 × 9, சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24 × 15. எல்லாமே 35 × 20 மீட்டர் ஹால் ஒன்றில் அடங்கிவிடுகின்றன. ஆண்களுக்கான கபடி மேட் 13 × 10 தான், அதற்கும் இடமுண்டு. கோடுகளை வேறு வேறு நிறத்தில் போட்டு நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் போதும். மூன்று ஹால் கேட்டு வந்தவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பூங்காவை விழுங்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உயரம்தான் சிக்கல். கூடைப்பந்துக்கு 7 மீட்டர் போதும். ஷட்டிலுக்குப் பெரிய சர்வதேசப் போட்டி என்றால் 12 மீட்டர் கேட்பார்கள். உள்ளூர் ஆட்டத்துக்கு 9 மீட்டர் தாராளம். ட்ரஸ்ஸையும் (கூரையைத் தாங்கும் சட்டம்) கூரையையும் சேர்த்தால் வெளியே பத்தரை மீட்டர் வரும். பூங்காவின் ஓரத்தில் மூன்று மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர்!

படி 4: அந்தச் சுவரை என்ன செய்வது?

பெர்லினில் பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் டொமினிக் பெரோ இதற்கு ஒரு தீவிரமான விடை தந்தார். 1990-களில் சைக்கிள் பந்தய அரங்கையும் நீச்சல் அரங்கையும் மண்ணுக்குள் இறக்கி, மேலே ஆப்பிள் மரங்களை நட்டுவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் லேசாகத் தெரியும். படத்தைப் பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னையில் மரத்தரை போட்ட ஹாலைத் தரைக்குக் கீழே இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். அந்தந்த இடத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், சுவரில் கறையைக் காட்டுவார்கள். அதற்கு மேலே தரைமட்டத்தை வையுங்கள்.

நம் ஊருக்குச் சரிப்படுவது திண்ணை. உடை மாற்றும் அறை, கழிப்பறை, டீக்கடை, ஸ்டோர் எல்லாம் 3 மீட்டர் உயரத்தில் முடிந்துவிடுகிறவை. அவற்றை ஹாலின் நீளச் சுவர்களை ஒட்டி வைத்து, முன்னால் இரண்டரை மீட்டர் அகலத்துக்குத் தாழ்வாரமும் 45 செ.மீ. உயரத் திண்ணையும் கொடுங்கள். பூங்காவில் நடப்பவருக்குக் கண்ணெதிரே தெரிவது தாழ்வாரம்தான். பெரிய சுவர் பின்னால் ஒதுங்கிவிடும். மழைக்கு ஒதுங்கவும், பிள்ளையைப் பயிற்சிக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கவும், சும்மா உட்காரவும் இடம் கிடைத்துவிட்டது.

கழிப்பறைக்கு இரண்டு கதவு வையுங்கள், ஒன்று ஹால் பக்கம், ஒன்று பூங்கா பக்கம். ஹால் பூட்டியிருந்தாலும் காலை ஐந்து மணிக்கு பூங்கா பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். பூங்காவுக்கு வரும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஒரு கதவு, உங்கள் முகப்பு அலங்காரம் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம்.

தரையை 60 செ.மீ. உயர்த்தினால் ராம்ப் வேண்டும். 1:12 சரிவில், அதாவது 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினால், 7.2 மீட்டர் நீளம் வரும். அதைத் தனியாக ஒட்டவைப்பதைவிட, பூங்காவின் நடைபாதையையே 1:20 சரிவில் 12 மீட்டருக்கு மெதுவாக ஏற்றிக் கொண்டுவாருங்கள். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் எல்லோருடனும் ஒரே வழியில் வரும்.

படி 5: வெளிச்சமும் காற்றும்

வெளிக் கோர்ட்டுகளை வடக்கு-தெற்காக நீளவாக்கில் வைக்க வேண்டும் என்பது பாலபாடம். காலை, மாலை வெயில் ஆட்டக்காரர் கண்ணில் விழக் கூடாது. ஷட்டில் ஹாலுக்குள் கணக்கு மாறும். ஆட்டக்காரர் பார்க்கும் திசையில், அதாவது பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் கடைசிக் கோடு) பின்னால் ஜன்னல் இருந்தால் வெள்ளை ஷட்டில் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஹாலின் நீளத்தை வடக்கு-தெற்காக வைத்து, கோர்ட்டுகளைக் கிழக்கு-மேற்காகப் போட்டுப் பாருங்கள். பேஸ்லைனுக்குப் பின்னால் வரும் நீளச் சுவர்களை ஜன்னல் இல்லாமல் விடுங்கள், வெளிப்புறம்தான் அறைகளும் தாழ்வாரமும் இருக்கின்றனவே. மேற்கு வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். கூரையில் கோர்ட்டுகளுக்கு இடைப்பட்ட 2 மீட்டர் பட்டைகளுக்கு மேலே, ரம்பப் பல் வடிவில் வடக்கு நோக்கிய கண்ணாடி.

இதில் ஒரு எச்சரிக்கை. வடக்கு வெளிச்சத்தில் வெயிலே விழாது என்பது ஐரோப்பியப் புத்தகக் கணக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கண்ணாடிக்கு மேல் சின்னதாக ஒரு சன்ஷேட் இல்லாவிட்டால் மே மாதத்தில் கோர்ட்டில் வெயில் கட்டம் கட்டமாக விழும்.

வடக்கு, தெற்கு ஓரச் சுவர்கள் 20 மீட்டர்தான். பூங்காவைப் பார்த்த ஓரத்தில் தாழ்வான கண்ணாடி வையுங்கள். வெளியே போகிறவர் நின்று ஆட்டத்தைப் பார்க்கலாம், ஆடுகிறவருக்கும் கண் கூசாது. கண்ணாடியைத் திறக்கிற மாதிரி வைத்தால் ஆட்டத்தின்போது மூடியிருக்க வேண்டும். ஷட்டிலின் எடை சுமார் 5 கிராம், சின்னக் காற்றும் அதைத் தள்ளிவிடும். சூடான காற்று கூரை லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த திறப்பு) வழியாக மேலே வெளியேறட்டும்.

படி 6: மழைநீர்

700 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 35,000 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் இதைவிட அதிகம் வரும். அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் பூங்காவின் தாழ்ந்த புல்வெளிக்கு விடுங்கள். சிங்கப்பூரின் பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயை உடைத்து 2012-ல் ஆறாக மாற்றியதைப் பாருங்கள். மழை நாளில் ஆற்றோரப் புல்வெளி தண்ணீருக்கு, மற்ற நாளில் மக்களுக்கு. நம்மிடம் அவ்வளவு இடமில்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளத் திடலும் சில உறிஞ்சு கிணறுகளும் போதும்.

பார்க்கிங்கைத் தெரு ஓரத்திலேயே முடியுங்கள். வண்டி பூங்காவுக்குள் நுழையக் கூடாது. ஃப்ளட்லைட் கீழ்நோக்கி மட்டும் இருக்கட்டும்.

படி 7: கட்டும் காலம்

மாணவர்கள் யாரும் இதை வரைவதில்லை. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ நிலையப் பணிக்காக 2011-ல் மூடப்பட்டு, மீண்டும் திறக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அங்கே நடைபழகிய குழந்தை அதற்குள் பள்ளியில் மேல்வகுப்புக்குப் போயிருக்கும். எனவே கடைசி ஷீட்டில் கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பிளான் போடுங்கள். தகரத் தடுப்பு எதுவரை, எந்த கேட் எப்போதும் திறந்திருக்கும், லாரி எந்தப் பக்கம் வரும், கம்பியும் ஜல்லியும் எங்கே இறங்கும் என்று குறியுங்கள். படி 2-ல் போட்ட மர வட்டங்களுக்குள் ஜல்லி கொட்டக் கூடாது என்றும் அதே ஷீட்டில் எழுதிவிடுங்கள்.