மண் மூச்சுவிடுவதைப் பார்க்க ஒரு கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பு

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு பிடி மணல் அள்ளி மோந்து பாருங்கள். உப்பு மணம்தான் வரும். வீட்டுக் கோடியில் வாழையடி மண்ணை அள்ளினால் முதல் மழைக்கு எழும்புமே, அந்த மணம். அது மண்ணில் வாழும் பற்றீரியாக்களின் வேலை. நம்மைப் போலவே அவையும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகின்றன. அந்த வாயுவைத்தான் இப்போது பிடிக்கப்போகிறோம்.

முதல் வேலை, சுண்ணாம்பு நீர். ஒரு போத்தல் தண்ணீரில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி போட்டு, மூடிக் குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். லீற்றருக்கு 2 கிராம்கூடக் கரையாது. மிச்சம் அடியில் படியும். காலையில் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மெல்ல ஊற்றியெடுங்கள். கண்ணில் படக் கூடாது, பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

நீர் சரியா என்று பார்க்க, கொஞ்சத்தைக் கிளாசில் எடுத்து ஸ்ரோவால் ஊதுங்கள் (உறிஞ்ச வேண்டாம்!). மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டுப் பட்டு அது பால்போல் வெளுக்க வேண்டும். நான் முதல்முறை செய்தபோது எவ்வளவு ஊதியும் வெளுக்கவில்லை. பெட்டகத்தில் கிடந்து காய்ந்துபோன சுண்ணாம்பு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை அது எப்போதோ குடித்து முடித்திருந்தது. ஈரச் சுண்ணாம்பாகவே வாங்குங்கள்.

இனி மண். வாழையடியில் இரண்டு பிடி ஈரமண் எடுங்கள். ஒரு பிடியைப் பழைய சட்டியில், முற்றத்தில் வைத்து, அரை மணித்தியாலம் வறுங்கள். உயிர்களில் பெரும்பாலானவை செத்துவிடும். ஆறியதும் கொதித்தாறிய நீர் தெளித்து மற்றதைப் போலவே ஈரமாக்குங்கள். இரண்டையும் தனித்தனி ஜாம் போத்தல்களில் போட்டு, மண்ணின்மேல் ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஒரே அளவு சுண்ணாம்பு நீர் வைத்து இறுக மூடுங்கள். நிழலில் இரண்டு நாள்.

வறுக்காத மண் இருக்கும் போத்தலில் நீரின்மேல் வெள்ளை ஆடை படரும், அடியிலும் வெண்படிவு சேரும். மற்றதிலும் மெல்லிய ஆடை தெரியலாம். போத்தலுக்குள் அடைபட்ட காற்றிலேயே 0.04 சதவீதமளவு காபனீரொட்சைட்டு உண்டு. அதனால்தான் வறுத்த போத்தல் இல்லாமல் இந்தப் பரிசோதனை செல்லாது. பலரும் சோம்பலில் விடுவது அதைத்தான்.

தம்பலகாமத்து வயற்சேற்றில் கால் வைத்தால் குமிழி வருவது வேறு கதை. தண்ணீருக்கடியில் ஒட்சிசன் எட்டாத இடத்தில் வேறு நுண்ணங்கிகள் மெதேன் விடுகின்றன.

கிண்ணத்து வெண்படிவை வீசாதீர்கள். அது கல்சியம் காபனேற்று, நிலாவெளியில் ஒதுங்கும் முருகைக்கல்லும் அதேதான். முருகைக்கல் துண்டில் இரண்டு துளி வினாகிரி விடுங்கள்: நுரைத்துக்கொண்டு அதே காபனீரொட்சைட்டு வெளியேறும். கிண்ணத்திலும் விடுங்கள், வெள்ளை கரைந்து நீர் மறுபடி தெளியும்.