லேசான சைக்கிள் வாங்கப் போகும் அக்காக்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் எங்களோடு ஓட்ட வரும் பெண்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஆரம்பத்தில் எந்த வண்டி கிடைத்தாலும் ஓட்டுவார்கள். சில மாதம் போனதும் எல்லாருக்கும் ஒரே ஆசை வந்துவிடும்: இந்தக் கனமான வண்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு, லேசாக, வேகமாக ஒன்று வாங்க வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது பார்த்தால், அந்தக் காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்கியிருப்பார்கள். ஹெல்மெட் போடுங்கள், விளக்கு மாட்டுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

## தள்ளுபடியைப் பார்த்து அளவை விட்டுவிடுவது

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, அறுபதைக் கடந்தவர். ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். ஒரு கடையில் போன வருட மாடல் கார்பன் ரோடு பைக் பாதி விலைக்கு நின்றிருக்கிறது. ஃபிரேம் அளவு 52. விற்பனையாளர் அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, “கொஞ்சம் பெரிசுதான் ஆன்ட்டி, சீட்டை இறக்கி ஸ்டெம்மை மாத்திட்டா சரியாயிடும்” என்றாராம். (ஸ்டெம் என்பது ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் துண்டு.) அக்கா அங்கேயே கார்டை நீட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவருக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனேன். இரண்டு கையும் முழங்கை மடங்காமல் விறைத்து நீண்டிருந்தன. தோள் காது வரை ஏறியிருந்தது. சீட்டின் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். பிரேக்கை விரல் நுனியால் தொட முடிந்ததே தவிரப் பிடிக்க முடியவில்லை. பிடோக் ஜெட்டி வருவதற்குள் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிட்டதாகச் சொல்லிக் கையை உதறினார். உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கினால் அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்புதான் முதலில் நசுங்கும்.

அப்புறம் தொடங்கியது செலவு. சீட்டை முன்னால் தள்ளினார், முட்டி வலித்தது. ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினார். கை அசைந்தாலே ஹேண்டில் வெடுக்கென்று திரும்பியது. புது ஹேண்டில்பார், புது சீட், நடுவில் தோள்பட்டைக்கு இயன்முறை மருத்துவரிடம் சில முறை. கடைசியில் வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல் விற்றார். எல்லாவற்றையும் கூட்டினால், அவர் அளவில் புத்தம் புதிய வண்டியே வாங்கியிருக்கலாம்.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹேண்டில் பொருந்தும் குழாயின் உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக். எந்த நல்ல பிராண்டும் இந்த இரண்டையும் தன் இணையப்பக்கத்தில் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 48, 50, எஸ், எக்ஸ்எஸ் என்ற பெயர்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 48 இன்னொருவரின் 50-க்குச் சமமாக இருக்கும். வயது ஏற ஏற இடுப்பும் கழுத்தும் முன்போல வளையாது. ஆகவே ரீச் குறைவாகவும் ஸ்டாக் கூடுதலாகவும் உள்ளதைத் தேடுங்கள். ரோடு பைக்தான் வேண்டும் என்றால் பந்தய வகையை விட்டுவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டுவதற்கான ‘எண்டியூரன்ஸ்’ வகையைக் கேளுங்கள்.

சின்ன ஃபிரேமிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெடலைக் கிடைமட்டமாக முன்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன் சக்கரம் காலணியில் இடிக்கிறதா? சுரங்கப்பாதை வளைவில் மெதுவாகத் திரும்பும்போது அது ஆளைக் கவிழ்த்துவிடும். குள்ளமானவர்களுக்குச் சக்கரமும் கொஞ்சம் சின்னதாக உள்ள மாடல்கள் கிடைக்கின்றன. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்ற பிரிவைப் பல நிறுவனங்கள் விட்டுவிட்டன. ஜெயன்ட்டின் ‘லிவ்’ போன்றவை பெண்களுக்கென்றே செய்கின்றன. எதுவானாலும் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு, பெயின்டின் நிறம் இல்லை.

## கிலோவை மட்டும் எண்ணுவது

60 கிலோ எடையுள்ளவர் 14 கிலோ வண்டியை விட்டு 10 கிலோ வண்டிக்கு மாறினால், மிதித்து நகர்த்தும் மொத்தப் பாரத்தில் குறைவது சுமார் 5 விழுக்காடுதான். மேடு ஏறும்போது அது தெரியும். நம் ஊரில் மேடு எங்கே இருக்கிறது? புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தாண்டாது. சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உங்களைத் தடுப்பது காற்று. வண்டியின் எடை இல்லை. சாங்கி கடலோரப் பாதையில் எதிர்க்காற்றில் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

லேசான வண்டியின் சுகம் வேறு இடத்தில் இருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது, மேம்பாலச் சரிவில் தள்ளும்போது, வீவக அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் நிமிர்த்தி நுழைக்கும்போது. அதற்கு 10, 11 கிலோ தாராளம். எட்டு கிலோவுக்காகக் கூடுதலாக ஆயிரம் வெள்ளி கொடுக்காதீர்கள். எப்படியும் பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நடைபாதையில் 10தான். உங்களுக்குத் தேவை, களைக்காமல் 18, 20-இல் நெடுநேரம் ஓடும் வண்டி.

## டயரை மறப்பது

மலை சைக்கிளின் முள் டயரில் ஓட்டிக்கொண்டு “வண்டி கனம்” என்று புலம்புகிறவர்கள், முதலில் வழுவழுப்பான டயர் இரண்டு மாற்றிப் பாருங்கள். 32 முதல் 38 மில்லிமீட்டர் அகலம் போதும். சிலருக்கு அதோடு புது வண்டி ஆசையே அடங்கிவிடும். முன் சஸ்பென்ஷன் வேண்டாம். நம் பாதைகளுக்கு அது வெறும் சுமை. வாரம் ஒரு முறை காற்று பாருங்கள்.

## பிரேக்கைப் பிடித்துப் பார்க்காதது

கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்கள் கவனிக்க. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் ஒரு விரல் அழுத்தத்துக்கே நிற்கும், மழையிலும் நிற்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் நனைந்தால் அப்படி நிற்காது. பிரேக் கை எட்டவில்லை என்றால் அதிலுள்ள சின்னத் திருகைத் திருகிப் பக்கத்தில் கொண்டுவரலாம். கேட்டால்தான் கடையில் செய்வார்கள்.

## தடித்த ஜெல் சீட்

வேண்டாம். உட்காரும்போது சீட்டில் பதியும் இடுப்பு எலும்புக்கு ஏற்ற அகலம் போதும்.

## முதல் நாளே கிளிப் பெடல்

காலணியைப் பெடலோடு பூட்டிவிடும் வகை இது. நிற்கும்போது காலை எடுக்க முடியாமல் விழுவீர்கள். நம் எலும்பு இருபது வயது எலும்பு இல்லை.

## எம்ஆர்டியைக் கணக்கில் சேர்க்காதது

மடக்கு சைக்கிளிலிருந்து மாறுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மடக்கினால் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் வண்டியை மட்டுமே ரயிலில் ஏற்றலாம். பெரிய வண்டியோடு சாங்கி வில்லேஜில் மழையில் மாட்டினால், மழை விடும்வரை காப்பிக்கடையில் உட்கார வேண்டியதுதான். ரயிலில் திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் மடக்கு சைக்கிளை விற்காதீர்கள்.

## பழைய கார்பன்

உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். ஓட்டியவரை உங்களுக்குத் தெரியாது என்றால், அலுமினியமே வாங்குங்கள்.