தண்ணீரில் மிதந்தது, டேங்கில் மூழ்கியது: காந்த மிதவை லெவல் டிரான்ஸ்மிட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர், போன வாரம் ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டரை, அதாவது டேங்கில் திரவ மட்டத்தை அளந்து மின்னோட்டமாக அனுப்பும் கருவியை, தண்ணீர் டிரம்மில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மிதவை ஏற ஏற மீட்டரில் 4-லிருந்து 20 மில்லிஆம்பியர் வரை அழகாக ஏறியது. "இது போகப்போகிற டேங்கில் என்ன திரவம்?" என்று கேட்டேன். இருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான்.

வயரை மாற்றி இணைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடர்த்தியைக் கேட்காமல் மிதவை வாங்குவது

செங்குத்தான குழாய்க்குள் (இதைத்தான் தண்டு என்கிறோம்) ரீட் சுவிட்சுகளும், அதாவது காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்சுகளும், மின்தடைகளும் வரிசையாக இருக்கும். வெளியே, குழாயைச் சுற்றி மிதவை, அதற்குள் காந்தம். காந்தம் நிற்கும் உயரத்தில் உள்ள சுவிட்ச் மூடிக்கொள்ளும். அதற்கேற்ப வரும் மின்னழுத்தத்தைத் தலைப்பகுதி 4–20 மில்லிஆம்பியராக மாற்றும்: காலி என்றால் 4, நிரம்பினால் 20. ஆக, கருவிக்குத் தெரிவது காந்தம் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். காந்தத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது திரவத்தின் பொறுப்பு.

60 மில்லிமீட்டர் உயரமுள்ள, ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி) 0.7 கொண்ட உருளை மிதவையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் 42 மில்லிமீட்டர் அமிழும். ஒப்படர்த்தி 0.84 உள்ள டீசலில் 50 அமிழும். எட்டு மில்லிமீட்டர் பிழை, சரி, திருத்திக்கொள்ளலாம். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பானான ஹெக்சேனின் ஒப்படர்த்தி சுமார் 0.66. அதில் அந்த மிதவை மிதக்கவே மிதக்காது.

நான் பொருத்தியது ஹெக்சேன் டேங்கில்தான். மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் "காலி" என்றே காட்டியது, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது, மேல் மூடி வழியாக ஹெக்சேன் வழிந்தது. எங்காவது ஒரு தீப்பொறி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை.

இதில் என்னை இன்னமும் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகும், அலாரம் அடிக்கும். மிதவை மூழ்கினாலோ முறையான 4 மில்லிஆம்பியர் வரும். கருவி பழுதாகவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீரில் செய்த சோதனை வேறு நம்பிக்கையைக் கூட்டிவிடும்.

திரவம் சூடானால் அடர்த்தி இன்னும் குறையும். அதனால் டேங்கின் அதிகபட்ச வெப்பநிலையில் உள்ள அடர்த்தியைக் கேட்டு வாங்குங்கள். மிதவை அதைவிடக் குறைந்தது 0.1 லேசாக இருக்கட்டும் என்பது என் வழக்கம். நிரம்பி வழிவதைத் தடுக்கத் தனியாக ஒரு ஹை லெவல் சுவிட்ச் வையுங்கள். அதிலும் அதே மிதவையைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மூழ்கும்.

மிதவையைத் தலைகீழாக மாட்டுவது

டேங்கின் வாய் சிறியதாக இருந்தால் மிதவையைக் கழற்றி, தண்டை இறக்கிய பிறகு உள்ளிருந்து மாட்டுவார்கள். பல மிதவைகளில் காந்தம் நடுவில் இருக்காது. திருப்பி மாட்டினால் எல்லா உயரத்திலும் ஒரே அளவு பிழை வரும்; மாட்டியவர், கணக்கீட்டில்தான் தவறு என்று நினைத்து அளவுத்திருத்தத்தை மாற்றிவைப்பார். கழற்றும் முன் மேல்பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள்.

அலையடக்கும் குழாயைச் சாதாரண இரும்பில் செய்வது

திரவத்தின் அலைப்பு மிதவையை ஆட்டாதிருக்க, தண்டையும் மிதவையையும் சுற்றிப் போடும் குழாய் இது. சாதாரண இரும்பில் செய்தால் காந்தப்புலம் அதன் பக்கம் திரும்பும், மிதவையும் ஒட்டிக்கொள்ளும். காந்தம் ஒட்டாத துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக் போடுங்கள். அப்புறம், குழாயின் மேல்பக்கம் ஒரு துளை வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, மட்டம் வெளியே உள்ளபடி ஏறாது.

தண்டு அடிவரை அளக்கும் என்று நம்புவது

அளக்காது. மிதவை கீழ்த்தடுப்பில் உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் திரவம் கணக்கில் வராது.

இரும்புத்தூள் கலந்த திரவத்தில் போடுவது

வேறு வகைக் கருவியைத் தேடுங்கள்.

உள்வரும் குழாய்க்கு நேர் கீழே பொருத்துவது

வேண்டாம்.