கம்பஸ் பிள்ளைகளும் ஊர்ச் சங்கமும்: சேர்ந்து வேலை தொடங்குவது எப்படி?

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பீடங்களிலும் படிக்கிற பிள்ளைகளிடம் ஊருக்கு உதவும் மனம் நிறைய இருக்கிறது. அதற்காகப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கி, பெயர், இலச்சினை, ரீசேட் என்று அலைய வேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்புகளும் வன்னியில் ஏற்கெனவே இயங்குகின்றன. எந்த வீட்டு அம்மா தனியாக இருக்கிறா, யாருக்குக் காசைவிட ஆள்துணை தேவை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

1. போய்க் கேளுங்கள்

இரண்டு மூன்று பேர் போனால் போதும். திட்டம் எதையும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். "அக்கா, செய்ய ஆளில்லாமல் நிற்கிற வேலை ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். பெரும்போக விதைப்பு, அறுவடைக் காலங்களில் சங்கத்தார் வயலில் நிற்பார்கள். அந்த நாட்களைத் தவிருங்கள். பீடத்திலிருந்து ஒரு கடிதம் எடுத்து, கிராம அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள்.

2. ஒரே ஒரு வேலையை எடுங்கள்

சிங்களத்தில் வரும் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்த ஆளில்லாத வீடுகள் உண்டு. உங்களோடு படிக்கும் சிங்கள நண்பர்களைக் கூட்டிப்போங்கள். ஒரு மணித்தியால வேலைதான், ஆனால் பெரிய உதவி.

3. உதாரணத்துக்கு, ஒரு சாய்தளம்

போரில் காலை இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் இங்கே பலர். சக்கர நாற்காலி கிடைத்திருக்கும். வாசற்படியை மட்டும் தாண்ட முடியாது. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடுகளில் இது பெருந்தொல்லை.

படிக்குப் பக்கத்தில் நாற்காலி ஏறச் சரிவாகக் கட்டும் பாதைதான் சாய்தளம். அதன் கணக்கு இதுதான்: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் 18 அடி வேண்டும். முற்றத்தில் இடம் போதாவிட்டால் நடுவில் திருப்பிக் கட்டுங்கள், செங்குத்தாக்கி நீளத்தைக் குறைக்க வேண்டாம். நாற்காலி பின்னால் சரிந்துவிடும். அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. கதவடியில் நாற்காலி திரும்ப 5 அடிச் சமதரை விடுங்கள். மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுங்கள், மாரியில் வழுக்காது.

அளக்கும்போது நாற்காலியில் இருப்பவரையே கேளுங்கள். கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகிற வழிதான் அவருக்கு முதலில் வேண்டியதாக இருக்கலாம். ஊர் மேசன் ஒருவருக்குக் கூலி கொடுத்து, மண் வெட்டுவதையும் கலவை சுமப்பதையும் நீங்கள் செய்யுங்கள். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும், வேலையும் திருத்தமாக வரும். கொங்கிறீற் போட்டபின் ஏழு நாளாவது ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதை யார் செய்வது என்று முன்கூட்டியே முறை போட்டுவிடுங்கள்.

4. படம் எடுக்காதீர்கள்

அளவுக்கும் கணக்குக்கும் சாய்தளத்தைப் படமெடுக்கலாம், வீட்டாரின் முகத்தை வேண்டாம். நிவாரண வரிசையில் நின்று நின்று படத்துக்கு முகம் கொடுத்த சனம் இது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

5. கைமாற்றிவிடுங்கள்

பரீட்சை வந்ததும் பிள்ளைகள் காணாமற்போவார்கள் என்பது சங்கத்து அக்காமாருக்குத் தெரியும். வேலை தொடங்கும்போதே இளைய அணியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வீடு, எடுத்த அளவு, செலவு, அடுத்துப் பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியைச் சங்கத்திலேயே வையுங்கள். கடைசி வருடம் முடிவதற்குள் இளையவர்களை நேரில் கூட்டிப்போய் ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகப்படுத்துங்கள்.