ஒரு மரத்தை அளப்பது எப்படி

மரம் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று எதைக் கணக்கிடப் போனாலும் முதலில் கேட்பது அடிமரத்தின் சுற்றளவைத்தான். அதைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். நான் அதே நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்திருக்கிறேன். மரத்தோடு சாத்தினால் போதும்.

சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கம் நின்று குச்சியை வையுங்கள். மரம் சாய்ந்திருந்தால் டேப்பும் அதோடு சாய வேண்டும், தண்டுக்குக் குறுக்காக. கொடி சுற்றியிருக்கிறதா? வெட்ட வேண்டாம், தூக்கிப் பிடித்து அடியில் டேப்பை நுழையுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டு ஒரு முறை கொடியையும் சேர்த்து அளந்துவிட்டேன். மறு வருடம் பார்த்தால் மரம் இளைத்திருந்தது! அப்புறம்தான் புரிந்தது.

கிடைத்த சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். 94.2 செ.மீ. சுற்றளவு என்றால் 30 செ.மீ. விட்டம். அளந்த இடத்தில் பெயின்டால் மெல்லிய கோடு போடுங்கள். அடுத்த முறையும் அங்கேயே, அதே பருவத்தில் அளக்க வேண்டும். ஈரத்துக்குத் தண்டு சற்று உப்பும், வறட்சியில் சுருங்கும்.

பட்ட மரத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு ஆந்தையோ கிளியோ குடியேறும். பொந்தின் உயரம், வாய் எந்தத் திசையில் இருக்கிறது, அடியில் எச்சம் கிடக்கிறதா என்பதையும் அந்த மரத்தின் அளவைக் குறித்த அதே வரியில் எழுதுங்கள்.